வீடுகளை எண்ணும் முன் வழிகளை எண்ணுங்கள்: போடி, இடுக்கி மலையோர ஊர்களுக்கான காட்டுத்தீ வழிகாட்டி

மாசி பிறந்து பனி விலகியதும், போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலைச்சரிவுகளில் புல் வெளுத்துக் கிடப்பது தெரியும். பங்குனியில் அதே புல்லைக் கையில் பிடித்தால் நொறுங்கும். அந்தச் சரிவுகளுக்கு மேலும் கீழுமாக, குரங்கணி, போடிமெட்டு, கொழுக்குமலை, சூரியநெல்லி, சின்னக்கானல், டாப் ஸ்டேஷன், வட்டவடை என்று இரு மாநிலங்களிலும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். முன்பு எஸ்டேட் லயங்களும் ஏலத்தோட்ட வீடுகளும் மட்டுமே இருந்த இடங்களில் இப்போது விருந்தினர் இல்லங்களும் வார இறுதி வீடுகளும் மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன. இந்த வழிகாட்டி, மலையில் புதிதாக வீடு கட்ட நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும், ஓர் ஊரில் இன்னும் எத்தனை வீடுகள் வரலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் எழுதப்படுகிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்லர் என்பதால் அதை மலையேற்ற விபத்தாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் காய்ந்த புல்லும் செங்குத்தான சரிவும் பிற்பகல் காற்றும் சேர்ந்தால் மனிதர்களுக்கு எவ்வளவு குறைந்த நேரம் மிஞ்சுகிறது என்பதை அந்த நாள் காட்டியது. அதே சரிவின் விளிம்பில்தான் இன்று வீடுகள் எழுகின்றன.

முதலில் வழி

மனை பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் கேள்விகள் பழகிப்போனவை: பட்டா தெளிவாக இருக்கிறதா, தண்ணீர் உண்டா, மின்கம்பம் எவ்வளவு தொலைவு. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இடத்திலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளன, அவை உண்மையிலேயே வெவ்வேறு வழிகளா என்பதாகும். ஓர் ஊரில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்பதை நிலத்தின் பரப்பை வைத்து முடிவு செய்யும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அந்த ஊரின் சாலை, தீ வந்து சேரும் முன் எத்தனை பேரைக் கீழே இறக்கிவிடும் என்பதே அந்த எண்ணிக்கையின் மேல்வரம்பாக இருக்க வேண்டும்.

இது மிகையான அச்சமாகத் தோன்றினால், மூன்று ஊர்களை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூன் 17 அன்று போர்ச்சுக்கலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதித் தீயில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர், வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஒரே ஒரு நெடுஞ்சாலையில் மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள். 2018 ஜூலை 23 அன்று கிரேக்கத்தின் மாட்டி என்னும் கடலோரக் குடியிருப்பில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் மிக அருகில் இருந்தும், திட்டமில்லாமல் கட்டப்பட்ட வீடுகளுக்கு இடையே முட்டுச்சந்துகளாக முடிந்த தெருக்கள் பலரைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுத்தன. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எரித்த தீ 85 உயிர்களையும் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் கொண்டு போனது. அந்த ஊரில் பகுதி பகுதியாக மக்களை வெளியேற்றும் திட்டம் முன்பே இருந்தது. ஆனால் பள்ளத்தாக்குகளுக்கு இடையே மலை முதுகின் மேல் அமைந்த அவ்வூரிலிருந்து இறங்கும் சாலைகள் மிகச் சில. எல்லாப் பகுதிகளும் ஒரே காலையில் அவற்றின் மேல் இறங்கியபோது சாலைகள் அடைத்துக்கொண்டன. திட்டம் இருந்தும் சாலை இல்லாத ஊர் எப்படித் தவிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

நம் மலைகளுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கு வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடியும். அதாவது தமிழ்நாட்டு மண்ணில் தீப்பிடித்தால் அங்குள்ளவர்கள் இன்னொரு மாநிலத்துக்குள் இறங்கித்தான் தப்ப வேண்டும். வட்டவடைக்குப் போகும் சாலை பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்து செல்கிறது. டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றையும் கொடைக்கானலையும் இணைத்த பழைய மலைச்சாலைக்கு ‘எஸ்கேப் ரோடு’ என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சென்னையைத் தாக்கினால் மேற்குக் கரைக்குத் தப்பிச் செல்ல உதவும் என்று கருதப்பட்ட சாலை அது. இன்று அது காட்டுக்குள் முடங்கி, பொதுப் போக்குவரத்துக்கு இல்லாமல் போய்விட்டது. அதைத் திறக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை; அந்தச் சோலைக்காடுகள் அப்படியே இருப்பதுதான் நல்லது. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வழியை எண்ணுவதற்குச் சில அளவுகோல்கள் உள்ளன. அமெரிக்காவின் பல ஊர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் பன்னாட்டுத் தீ விதித்தொகுப்பின் பின்னிணைப்பு ஒன்று, தனி வீடுகள் 30-க்கு மேல் போனால் இரண்டு தனித்தனி அணுகுசாலைகள் வேண்டும் என்கிறது. அவ்விரண்டும் அருகருகே இருக்கக் கூடாது. குடியிருப்பின் மூலைவிட்ட நீளத்தில் பாதியாவது இடைவெளி இருக்க வேண்டும். ஒரே வளைவில் போய்ச் சேரும் இரண்டு சாலைகள் தீயின் கண்ணுக்கு ஒரு சாலைதான். கலிஃபோர்னியாவின் தீ அபாயப் பகுதி விதிகளில் முட்டுச்சாலையின் நீளத்துக்கே வரம்பு உண்டு. ஓர் ஏக்கருக்குக் குறைந்த மனைகள் உள்ள இடத்தில் 800 அடிக்கு மேல் முட்டுச்சாலை போகக் கூடாது. 20 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள பெரிய நிலங்களுக்குக்கூட ஒரு மைல்தான். நம் மலைகளில் இந்த அளவுகளை அப்படியே பின்பற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து கிலோமீட்டர் முட்டுச்சாலையின் முடிவில் அறுபது மனைகள் போட்டு விற்கும் ஒருவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவை நமக்குக் கற்றுத்தருகின்றன.

சாலையின் அகலமும் இதே அளவு முக்கியமானது. தீயணைப்பு வண்டி ஏறி வரும்போது, இறங்கும் ஜீப் ஒதுங்க இடம் வேண்டும். புதிய சாலையானால் 20 அடி அகலம் கேளுங்கள். பழைய எஸ்டேட் சாலையானால், வண்டி ஒதுங்கும் இடங்களை ஒரு வண்டியிலிருந்து அடுத்த ஒதுங்கிடம் கண்ணுக்குத் தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். முட்டுச்சாலையின் முடிவில் பெரிய வண்டி திரும்ப இடமில்லையென்றால், ஓட்டுநர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். அதை அவர்களுடைய குறையாகச் சொல்ல முடியாது.

ஜீப் கணக்கு

தேயிலைக்கும் ஏலத்துக்கும் வேலைக்குப் போகும் மக்களில் பெரும்பாலோரிடம் சொந்த வண்டி இல்லை, டிரிப் ஜீப்தான். ஆகவே வெளியேற்றத் திட்டம் என்பது நம் ஊரில் ஜீப் கணக்குதான். ஒரு மாலையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள்.

ஊரில் 240 பேர் இருக்கிறார்கள், ஆறு ஜீப்புகள் இருக்கின்றன, ஒரு ஜீப்பில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 நடை; ஜீப் ஒன்றுக்கு நான்கு நடை. பாதுகாப்பான இடத்துக்கு இறங்க 40 நிமிடம், திரும்ப ஏற 40 நிமிடம். மூன்று முறை போய்வர நான்கு மணி நேரம், கடைசி இறக்கத்துக்கு 40 நிமிடம். கடைசிக் குடும்பம் கீழே சேர 4 மணி 40 நிமிடம் ஆகும். ஆளை ஏற்றி இறக்கும் நேரமும், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும் நேரமும், புகையில் ஊர்ந்து போகும் நேரமும் இதில் சேரவில்லை. சனி, ஞாயிறு என்றால் விருந்தினர் இல்லங்களில் உள்ள வெளியூர்க்காரர்களின் கார்களும் அதே சாலையில் இருக்கும். அவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவில் வண்டியைப் பின்னே எடுக்கப் பழக்கம் இருக்காது.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட முடியாது என்பதால், முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுள்ளவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஆகியோர் தீ தொலைவில் இருக்கும்போதே முதல் நடையில் போய்விட வேண்டும். நடந்து இறங்கக்கூடியவர்களுக்கு, காடு வழியாக அல்லாமல், தேயிலை நடுவே போகும் நடைபாதை ஒன்றை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். எஞ்சியவர்கள் ஊருக்குள்ளேயே உயிர்தப்பி நிற்க ஓர் இடம் வேண்டும். பாரடைஸில் சாலை அடைபட்டபோது, மரங்கள் இல்லாத வாகன நிறுத்தத் திடல்களில் ஒதுங்கி நின்று பிழைத்தவர்கள் உண்டு. நம் ஊரில் பள்ளி மைதானம், உழுது போட்ட வட்டவடைக் காய்கறிப் படிக்கட்டு நிலம், வெறும் பாறைத்திட்டு போன்றவை அந்த இடமாகலாம். ஆனால் அந்தத் திடலின் ஓரத்தில் தைலமரம் நிற்கிறதா, விறகு அடுக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்த பிறகே அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஊராட்சிக் கூட்டத்தில் வாசியுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26 கிராம சபை, தீக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் வருவதால் அதற்கு மிகப் பொருத்தமான நாள். அறிவிக்கப்பட்ட மலை ஊர்களில் கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. புதிய மனைப்பிரிவு வரும்போது, கடைசிக் குடும்பம் கீழே சேர இப்போது ஆகும் நேரம் எவ்வளவு, இது வந்தபின் எவ்வளவு ஆகும் என்ற ஒரே கேள்வியைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். அதற்கு எவரும் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

மனையும் சரிவும்

தீ மேல்நோக்கி ஏறும்போது சுடர் சரிவின் பக்கம் சாய்ந்து, முன்னால் உள்ள புல்லை எரியும் முன்பே காயவைத்துவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 20 பாகைச் சரிவில் அது நான்கு மடங்கு. பகலில் வெயில் ஏறியதும் காற்றும் பள்ளத்திலிருந்து மேலே வீசுகிறது. அதனால் பிற்பகலில் கீழே தொடங்கும் தீ, மேலே உள்ள வீட்டுக்கு மிக ஆபத்தானது. இரண்டு மலைகளுக்கு இடையே உள்ள ஓடைப் பள்ளம் புகைபோக்கிபோல் தீயை உறிஞ்சி மேலே அனுப்பும். அதன் தலைப்பில் வீடு கட்டவே கூடாது.

இதனால்தான், காட்சி நன்றாகத் தெரியும் என்று விலை கூட்டி விற்கப்படும் மலைவிளிம்பு மனை, தீயைப் பொறுத்தவரை மிக மோசமான மனை. அங்கேதான் கட்டுவது என்றால் விளிம்பிலிருந்து பின்னே தள்ளிக் கட்டுங்கள். சரிவின் மேல் தூண் நிறுத்தி, பலகைத் தளம் போட்டு, அதற்கு அடியில் வெற்றிடம் விடும் பாணியைத் தவிர்த்துவிடுங்கள். தீ வந்து தங்குவதற்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை.

வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் வெறுமையாக வேண்டும் என்பதை அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். பெருந்தீயின் வெப்பம் ஒரு மரச்சுவரைப் பற்றவைக்கும் தொலைவு சில பத்து மீட்டர்களுக்குள் முடிந்துவிடுகிறது என்று அவர் கண்டார். வீட்டின் விதி பெரும்பாலும் வீட்டாலும் அதைச் சுற்றிய 30 மீட்டராலும் தீர்மானிக்கப்படுகிறது. சுவரை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது; சிமெண்டோ சரளையோ போதும். அடுத்து 9 மீட்டர் வரை புல்லைக் குட்டையாக வெட்டி, செடிகளை ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். 30 மீட்டர் வரை, புதர் வழியாகத் தீ மரத்தின் உச்சிக்கு ஏறாதபடி உண்ணிச்செடியையும் தாழ்ந்த கிளைகளையும் அகற்ற வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் இந்த அளவுகள் இன்னும் கூட வேண்டும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பட்டா நிலத்தின் எல்லையை ஒட்டி வீட்டைக் கட்டிவிட்டு, மீதி 30 மீட்டரைக் காப்புக்காட்டுக்குள் தேட முடியாது. அங்கே ஒரு செடியை வெட்டுவதும் குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே காட்டின் எல்லையிலிருந்து வீட்டை உள்ளே தள்ளிக் கட்டுவது கட்டும் நாளில் மட்டுமே எடுக்க முடிந்த முடிவு. எல்லையில் வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடு, அதாவது ‘ஃபயர் லைன்’, இவ்வாண்டு சுத்தம் செய்யப்பட்டதா என்று தை மாதத்திலேயே வன அலுவலகத்தில் கேளுங்கள். நீங்களே வரப்பில் தீ வைத்துச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்காதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பச்சைத் தேயிலை எளிதில் தீயைப் பரப்பாது. ஆனால் கவாத்து முடிந்து காய்ந்த கிளைகள் வரிசையில் கிடக்கும் வாரங்களில் அதே தேயிலைக்காடு வேறு பொருள். ஏலத்தோட்டத்தின் நிழல் ஈரத்தைக் காக்கும் என்றாலும், கோடையில் அடிச்சருகு காய்ந்துவிடும். கிராண்டிஸ் என்னும் தைலமரத் தோப்பு எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது. இலையில் எண்ணெய், அடியில் சருகு மெத்தை, தண்டில் தொங்கும் பட்டைச் சுருள். அந்தச் சுருள்தான் எரிந்துகொண்டே பறந்து போய் அடுத்த சரிவில் விழுகிறது.

வீடு

பெருந்தீயில் பல வீடுகள் சுடர் தொட்டு எரிவதில்லை. பறந்து வரும் தீப்பொறி உள்ளே புகுந்துதான் எரிகின்றன. ஆகவே வீட்டைக் காப்பது என்பது பெரும்பாலும் பொறி நுழையும் இடுக்குகளை அடைப்பதுதான்.

பங்குனியில் ஒரு நாள் என் பெரியம்மாவின் ஓட்டு வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தேன். கீழிருந்து பார்த்தால் குறையே தெரியாத கூரை. கூரைகள் சேரும் பள்ளத்தில் விரல் ஆழத்துக்குச் சில்வர் ஓக் இலை படிந்திருந்தது. இரண்டு ஓடுகளுக்கு அடியில் அணில் நார் சேர்த்துக் கூடு வைத்திருந்தது. தகரத் தண்ணீர்த் தாரையில் வைக்கோல்போல் காய்ந்த சருகு, அதற்கு ஒரு சாண் பக்கத்தில் மரச்சட்டம். அரை மணி நேரத்தில் ஒரு சாக்கு நிறைய அள்ளினோம். தீக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இந்த வேலையைச் செய்வதற்கு இணையான பாதுகாப்பு வேறில்லை, செலவும் இல்லை.

புதிதாகக் கட்டுபவர்கள் கான்கிரீட் கூரை அல்லது இடைவெளி இல்லாமல் பொருத்தப்பட்ட ஓடு போடலாம். புல், ஓலை வேய்ந்த கூரையை அழகுக்காக விருந்தினர் குடில்களுக்குப் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்தக் குடிலில் உறங்குபவருக்கு ஊரும் தெரியாது, வழியும் தெரியாது. காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். நைலான் கொசுவலை உருகிவிடும். சரிவைப் பார்த்த பெரிய கண்ணாடி, வெப்பத்தில் வெடித்துப் பொறிக்கு வாசல் திறந்துவிடும் என்பதால், அந்தப் பக்கம் சிறிய சன்னலோ கடினப்படுத்திய கண்ணாடியோ வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெப்பத்தில் முதலில் போகும். ஒரு சிமெண்ட் தொட்டியாவது தரையில் இருக்கட்டும், அதன் குழாய்வாய் தீயணைப்பு வண்டி நெருங்கும் பக்கம் இருக்கட்டும். மழைக்காலத்துக்கென்று சுவரோரம் அடுக்கும் விறகைத் தை முடிந்ததும் தள்ளி அடுக்கிவிடுங்கள்.

எச்சரிக்கையும் சாவியும்

டேராடூனில் உள்ள இந்திய வன அளவீட்டு நிறுவனம், செயற்கைக்கோள் கண்டறியும் தீப்புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். அதன் கருவிகளில் ஒன்று 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கக்கூடியது. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் தலைக்கு மேல் வருகிறது என்பதால், இடைப்பட்ட மணிகளில் உங்கள் கண்ணும் மூக்கும்தான் காவல். தீக்காலத்தில் பிற்பகல் வேளைகளில் முறைவைத்து ஒருவர் மேட்டிலிருந்து பார்ப்பது பழைய வழக்கம். அது இன்றும் நல்ல வழக்கம்.

எல்லையோரத்தில் அலைபேசி அடிக்கடி அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். 112-ஐ அழைத்தால் அழைப்பு அந்த மாநிலத்தின் அறைக்குப் போய்விடக்கூடும். ஆகவே பேசத் தொடங்கியதும் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் சொல்லப் பழகுங்கள். மலையாளத்தில் வழங்கும் இடப்பெயரும் தெரிந்திருக்கட்டும். தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகியவற்றோடு, இரு பக்கத்து வன அலுவலகம், தீயணைப்பு நிலையம் ஆகியவற்றின் நேரடி எண்களையும் ஒரே அட்டையில் எழுதி, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் வடமாநிலத்து மக்களுக்குத் தமிழும் மலையாளமும் எட்டாது என்பதால், ஊர் முழுவதற்கும் ஒரே ஒலிக்குறி இருக்க வேண்டும். கோவில் மணியோ, எஸ்டேட் சங்கோ, விடாமல் ஒலித்தால் மூட்டை தேடாமல் திடலுக்கு வா என்று அது பொருள்பட வேண்டும். முதுவர் பழங்குடியினரின் குடிகள் அருகே இருந்தால் அவர்களைக் கேட்காமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள். எந்தப் பாறை, எந்தத் தடம், எந்த நேரத்தில் காற்று மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் ஊருக்கு எதிர்ச்சரிவில் தீ தெரிந்தபோது, ஊரின் இரண்டாவது வழி என்று எல்லாரும் நம்பியிருந்த தோட்டப் பாதையை நோக்கி இரண்டு ஜீப்புகள் போயின. இரும்புக் கேட் பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி திருவிழாவுக்குக் கீழே இறங்கிவிட்டார். பெண்களும் குழந்தைகளும் புகையைப் பார்த்தபடி வண்டியில் உட்கார்ந்திருக்க, ஒருவர் கல்லால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். பூட்டு உடையவில்லை. அன்று அந்தி சாய்ந்ததும் காற்று இறக்கமாகத் திரும்பியதால் தீ எங்கள் பக்கம் ஏறவில்லை. அன்று முதல் நான் எந்த ஊருக்குப் போனாலும் இரண்டாவது வழியைக் காட்டச் சொல்லி, அதன் முடிவு வரை போய்ப் பார்க்கிறேன். அந்தப் பாதையில் கேட் இருந்தால் அதன் சாவி மூன்று வீடுகளில் இருக்க வேண்டும், நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் இருக்க வேண்டும், தீக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை உண்மையிலேயே திறந்து, ஒரு ஜீப் அந்த வழியே முழுவதும் இறங்கிப் பார்க்க வேண்டும்.

புறப்படும் நாள்

எப்போது புறப்படுவது என்பதைப் புகை வந்தபின் விவாதிக்கக் கூடாது. ஓர் ஓடை, ஒரு பாறை, ஒரு வளைவு என்று ஊரிலிருந்து தெரியும் அடையாளம் ஒன்றைத் தேர்ந்து, தீ அதைத் தாண்டினால் முதல் நடை கிளம்பும் என்று முடிவு செய்யுங்கள். அந்த அடையாளம் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதை மேலே போட்ட ஜீப் கணக்குச் சொல்லும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா நகல், மருந்து, டார்ச் ஆகியவை ஒரே பையில் வாசலுக்கு அருகே தீக்காலம் முழுவதும் இருக்கட்டும். கிளம்பும்போது சிலிண்டரை மூடி, மின்சார மெயினை அணைத்து, சன்னல்களை அடைத்து, ஆடு மாடுகளை அவிழ்த்துவிடுங்கள், கட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள். கைமுழுக்க மூடும் பருத்தி உடை அணியுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும்.

வழியில் மாட்டிக்கொண்டால், மேட்டை நோக்கி ஓடாதீர்கள், ஓடைப் பள்ளத்திலும் இறங்காதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், வெறும் பாறை, அகலமான சாலை ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். தீ கடக்கும் நேரத்தில் முகத்தைத் தரைக்கு அருகே வைத்துத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வண்டிக்குள் இருந்தால், செடிகள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, சன்னல்களை ஏற்றி, விளக்குகளை எரியவிட்டு, சன்னலுக்குக் கீழே குனிந்து, போர்வையால் மூடிக்கொண்டு, முன்சுடர் கடக்கும் வரை இறங்காதிருப்பது, புகைக்குள் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது.

தீ தணிந்து ஊர் திரும்பியதும், வீடு நிற்கிறது என்று நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். கூரைக்குள், ஓட்டு இடுக்கில், விறகடுக்கில், மாட்டுச் சாணக் குவியலில் தங்கிய பொறி பல மணி நேரம் கழித்தும் பற்றும். முதல் இரவு முழுவதும் முறைவைத்து, வாளித் தண்ணீரோடும் டார்ச்சோடும் ஒவ்வொரு வீட்டையும் சுற்றிப் பாருங்கள். எரிந்த மரங்கள் வேர் கருகி, காற்றில்லாமலே சாயக்கூடும் என்பதால் அவற்றின் கீழ் நிற்கவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம். புல் போன சரிவில் முதல் கோடை மழைக்கே மண்ணும் கல்லும் சாலைக்கு இறங்கும். அந்த ஆண்டு மழை தொடங்கும் முன், ஊராட்சியும் சாலைத்துறையும் வடிகால்களையும் சிறு பாலங்களின் கண்களையும் தூர்வாரி முடித்திருக்க வேண்டும்.